கை வைத்துப் பார்ப்பவர்

குழாய்த் தொழிற்சாலையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். முன்னூறு பேர் வேலை செய்கிற இடத்தில் முன்னூறு பேரும் சேர்ந்து வைத்த பெயர். அவர் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூர மகிழ்ச்சிதான். ஷிப்ட் முடிந்து ஆண்கள் கேட்டைத் தாண்டும்போது ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லி, தோளிலிருந்து கணுக்கால் வரை தடவிப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. பெண்களுக்குத் தனி வாசல், தனி ஆள்.

தொழிற்சாலையில் செய்கிற பித்தளை வால்வு உள்ளங்கையில் அடங்கிவிடும். வெளியே நல்ல விலை போகும். அதனால் கை வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் அந்த இடம் ஒரு நாள் ஓடாது. ஒரு தடவை இதற்கென்று மெஷின் வாங்கி வைத்தார்கள். சட்டையில் பித்தளைத் தூள் படிந்த ஆளைக் கண்டால் அது கத்தும். அங்கே தூள் படியாத ஆள் யார் இருக்கிறார்கள்? முன்னூறு பேருக்கும் கத்துகிற மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? துணி போட்டு மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, எக்ஸ்ரேயிடமே வாசலைக் கொடுத்தார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் விரல்கள் எடுத்துக் கொடுத்த சாமானை ஒரு அறை நிறைய அடுக்கலாம். ஷூவின் குதிகாலைக் குடைந்து உள்ளே வைத்த திருகாணி, தொடையில் கட்டிய கைப்பிடி, சாப்பாட்டு டப்பாவின் இரட்டை அடியில் இருந்த வால்வு என்று எதுவும் அவரிடம் தப்பவில்லை. விரல் நுனியில் கண் இருக்கிறது என்றார்கள். அவரும் அதை நம்பினார்.

தொழில் அப்படி, ஆளும் அப்படி. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பார். சிரிக்காவிட்டால் இரண்டு தடவை பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் தானாக வந்து நலம் விசாரித்தால், என்ன கேட்க வந்திருக்கிறார் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் அவரும் மனைவியும்தான். சந்தேகப்பட ஆள் குறைந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கலாம்.

அப்படிப்பட்டவருக்குக் கால் மதமதக்க ஆரம்பித்தபோது, அதை அவர் வியாதி என்று எடுத்துக்கொள்ளவில்லை. இரவில் கேட் அறையில் விட்டுப்போகிற தன் ஷூவில் யாரோ மணல் போடுகிறார்கள் என்றார். அடியெடுத்து வைத்தால் நெறுநெறுவென்று இருந்தது. கழற்றிக் கவிழ்த்துத் தட்டினால் ஒன்றும் விழவில்லை. தான் தட்டுவதற்குள் யாரோ எடுத்துவிடுகிறார்கள் என்று இரவுக் காவலாளியைப் பத்து நாள் கண்காணித்தார். அந்த மனிதர் பாவம், தன்மேல் எதற்காக இந்தப் பார்வை என்று தெரியாமல் வேறு பக்கத்து வாசலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அது எக்ஸ்ரேயின் சந்தேகத்தை இன்னும் உறுதிப்படுத்தியது.

பிறகு ஒரு நாள் தெருமுனைக் கடைக்குப் போனார். கடைக்காரர் அவர் காலைப் பார்த்துவிட்டு, "என்ன, ஒத்தச் செருப்போட வர்றீங்க?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது, எத்தனை தூரம் வெறுங்காலோடு நடந்தார் என்பது அவருக்குத் தெரியவில்லை. வழியில் எவனோ உருவிக்கொண்டான் என்று கடையிலேயே ஒரு வாதம் செய்தார். நடந்துபோகிறவன் காலிலிருந்து செருப்பை உருவ முடியுமா என்று கடைக்காரர் கேட்டதற்கு, முடியும், தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், வடிகால் மூடிமேல் அந்தச் செருப்பு அனாதையாகக் கிடந்தது.

மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அதிரவிட்டு அவர் கால் பெருவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"அதிருது."

மறுபடி வைத்தார். "இப்போ?"

"இப்போ இல்ல."

டாக்டர் ஆறு தடவை கேட்டார், ஆறு தடவையும் சரியான பதில். மனைவிக்கே ஆச்சரியம். எக்ஸ்ரே காலைக் கவனிக்கவே இல்லை, டாக்டரின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். கவையைத் தட்டி வைக்கும்போது டாக்டரின் புருவம் லேசாக ஏறியது, தட்டாமல் வைக்கும்போது ஏறவில்லை. டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு ஃபைலை எடுத்து நடுவில் தடுப்பாகப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பத்துக்கு மூன்று சரி, அந்த மூன்றும் குத்துமதிப்பு.

"கை கால் நுனிக்குப் போற நரம்பு கெட்டுப்போயிருக்கு. மொதல்ல கால், அப்புறம் கை. சர்க்கரை இல்ல, குடி இல்ல, சத்துக் குறைவு இல்ல. எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு. காரணம் தெரியல. நெறைய பேருக்கு இப்படித்தான், கடைசி வரைக்கும் காரணம் தெரியாமலே இருக்கும்."

வாழ்நாள் முழுக்க எவன் எடுத்தான், எங்கே வைத்தான் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஆளிடம், எடுத்தவன் யார் என்று தெரியாது என்றால் எப்படி இருக்கும்? டாக்டர் எதையோ மறைக்கிறார் என்றார். பாலிஷ் அறையின் புகை என்றார். தெருக் குழாய்த் தண்ணீர் என்றார். ஒரு நாள் மனைவியின் சமையலில்கூட வந்து நின்றார்.

"ஒரே பாத்திரத்துலதான் நானும் சாப்பிடுறேன்" என்றாள் அவள். "எனக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, அதையும் எழுதி வெச்சுக்குங்க."

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட உபயோகம். வீட்டை அவருக்கு ஏற்ற மாதிரி மாற்றியவள் அவள்தான். குளிக்கிற தண்ணீரில் கையை விடக் கூடாது, முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். கைக்குச் சூடு தெரியாது, முழங்கைக்கு இன்னும் தெரிந்தது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் ஆள் அப்படியே சாய்வார், ஏனென்றால் தரை எங்கே இருக்கிறது என்பதைப் பாதம் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று, கண்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் முகம் கழுவினார். யூனிபார்ம் சட்டையில் பொத்தானை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே ஒட்டும் பட்டை வைத்துத் தைத்தாள். தூங்கும்போது போர்வை பட்டாலே பாதம் தீப்பிடித்த மாதிரி எரியும். தொட்டால் தெரியாத கால், படாமலே எரியும், இதென்ன நியாயமோ. கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் போர்வையைப் போட்டுக் கூடாரம் மாதிரி ஆக்கினாள்.

தினமும் சாயங்காலம் டார்ச்சும் முகம் பார்க்கிற கண்ணாடியும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்காருவாள். பாதத்தின் அடி, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பார்ப்பாள். கொப்புளமோ கீறலோ இருந்தால் அது அவருக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.

"ஊரையெல்லாம் நீங்க தடவிப் பாக்குறீங்க. உங்கள நான் பாக்கணும். தூக்குங்க கால."

காலைத் தூக்குவார். இதை மகளிடம் போனில் சொல்கிறாளோ என்று அவளையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஆபீசில் அவர் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன அகலமான, மெத்தென்ற சாம்பல் நிறத் துணி ஷூவைப் போடுவதற்கு, காலில் ஆணி என்று பொய் சொல்லி மேனேஜரிடம் அனுமதி வாங்கினார். கால் போனால் போகட்டும், வாசலில் நிற்பதற்கு இரண்டு கால் இருந்தால் போதும், அவற்றுக்கு உணர்ச்சி இருக்க வேண்டும் என்று சட்டமா? வேலை கையில்தானே இருக்கிறது. அப்படித்தான் ஒரு வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு கை. கேன்டீனில் டீ டம்ளரை நிதானமாகப் பிடித்துக் குடித்துவிட்டு வைத்தபோது எதிரே இருந்தவர், "என்னண்ணே, சுடலையா?" என்றார். பார்த்தால் விரல்கள் சிவந்து கன்றியிருந்தன. அன்று சாயங்காலம் வாசலில் ஒருவன் சட்டைப்பையைத் தடவி அனுப்பினார். நாலடி தள்ளிப் போனவன் குனிந்தபோது பையிலிருந்து பேனா விழுந்தது. அந்தப் பேனாவைத் தான் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அவர் பயந்துபோனார். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் அந்த வரிசையில் பயந்தது என்னவென்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

கேட்டில் நிற்காவிட்டால் அவர் யார்? ஐம்பத்தாறு வயதில் ஒரு மூலையில் உட்காரவைத்து, கவர் ஒட்டச் சொல்வார்கள். அந்தக் கவரும் விரலில் நிற்காது. பெயரும் போய்விடும்.

டாக்டரிடம் செய்ததையே வாசலிலும் செய்தார். கை தடவிக்கொண்டிருக்கும், கண் முகத்தைப் பார்க்கும். நேராகப் பார்க்கிறவன் ஒன்று யோக்கியன், அல்லது பழம் தின்று கொட்டை போட்டவன். மேலே பார்க்கிறவனுக்கு வீட்டுக் கவலை. கீழே பார்க்கிறவனிடம் சாமான் இருக்கிறது. முதல் மாதத்திலேயே கீழே பார்த்த இரண்டு பேரை ஓரமாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு பேரிடமும் வால்வு. அதன் பிறகு அவருக்கு அந்த வித்தையில் அசையாத நம்பிக்கை வந்துவிட்டது. விரல் போனால் என்ன, கண் இருக்கிறதே. முகம் கலையக் கூடாது என்பதற்காக ஒரு சட்டமும் போட்டார். வரிசையில் யாரும் பேசக் கூடாது. வாயைத் திறந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

இப்படியே எட்டு மாதம் போன பிறகுதான் ஒல்லி விவகாரம்.

ஒல்லி பேக்கிங் பிரிவில் இருப்பவன். மூங்கில் மாதிரி உயரம், முப்பது வயது, வம்பு தும்புக்குப் போகாதவன். ஒரு நாள் வரிசையில் அவன் முறை வந்தது, கையைத் தூக்கினான். எக்ஸ்ரேயின் கை அவன் இடுப்புக்கு வந்தபோது, அவன் கண் கீழே போனது. போனது மட்டுமில்லை, அங்கேயே நின்றது.

"இடுப்புல என்ன?"

"ஒண்ணும் இல்லண்ணே."

ஓரமாக நிறுத்தினார். சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில், அவன் நின்ற இடத்திலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, வருகைப் பதிவு மெஷினுக்குப் பின்னால் ஒரு வால்வு கிடந்தது. மேனேஜர் வந்தார்.

"இது இவன் இடுப்புல இருந்ததா? உங்க கையில பட்டுதா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் யோசித்தார். "பட்டுச்சு சார்."

பொய் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கண் பார்த்ததைக் கை பார்த்ததாகச் சொல்லியிருக்கிறோம், இரண்டும் ஒரே உடம்புதானே என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒல்லியை சஸ்பெண்ட் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு விசாரணை என்று கடிதம் வந்தது. எக்ஸ்ரே வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒல்லிக்கு வேலை போய்விடும்.

கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. தன் கை விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, விசாரணையில் போட்டு உடைக்கக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கேன்டீன்காரர் திடீரென்று கைப்பிடி வைத்த கோப்பையில் டீ கொடுத்தார். ஏன்? சூப்பர்வைசர் கைகுலுக்கியபோது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தினார். சோதித்துப் பார்க்கிறாரா? பெண்கள் வாசலில் நிற்கிற அக்கா, "கை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் கேட்டது, அந்த வாரம் மறுபடி சுட்டுக்கொண்ட விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பற்றி. அப்படியும் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கேன்டீன்காரரைக் கேட்டால், டம்ளர் நாலு உடைந்துவிட்டது, கோப்பைதான் மிச்சம் என்று சொல்லியிருப்பார். இவர் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

விசாரணை நாளன்று ஷிப்ட் மூன்று மணிக்கு முடிந்தது. மதியம் கேட்டுக்குப் பக்கத்தில் மரப்பெட்டிகளைப் பிரித்திருந்தார்கள். பெருக்கிவிட்டுத்தான் போயிருந்தார்கள், அவரும் அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு வந்து தன் இடத்தில் நின்றுகொண்டார். வரிசை நகர ஆரம்பித்தது. முதல் இருபது பேர் சரி.

இருபத்தோராவது ஆள் கீழே பார்த்தான்.

ஓரமாக நிறுத்தினார். இரண்டு பேர் தள்ளி இன்னொருவன், கண் கீழே. அவனும் ஓரத்துக்குப் போனான். பிறகு ஒரு லோடுமேன். அவன் கீழே பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயின் முகத்தைப் பார்த்தான், மறுபடி கீழே பார்த்தான். வாயைத் திறக்கப் போனான்.

"வாயத் தொறந்த, கடைசிக்குப் போ."

மூடிக்கொண்டான். நாலாவது ஆள், ஐந்தாவது ஆள். எக்ஸ்ரே நிமிர்ந்து நின்றார். ஒன்றிரண்டு பேர் இல்லை, இது ஒரு கும்பல். இன்றைக்குப் பார்த்து, விசாரணை நாளில் பார்த்து, மொத்தமாகக் கையில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொருவனையும் சுவர் ஓரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, திரும்பி வந்து, அடுத்தவனைப் பார்த்தார். ஐந்து தடவை போய் வந்தார். சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டாயிற்று, ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, நன்றாக ஒளித்திருக்கிறார்கள்.

அப்போது வெளியிலிருந்து ஒல்லி வந்தான். விசாரணைக்காக வந்திருந்தான், தேய்த்த சட்டை, கையில் ஒரு கவர். உள்ளே போகிறவனையும் பார்த்துத்தான் விட வேண்டும். சொல்லாமலே கையைத் தூக்கினான். தூக்கியவன் கீழே பார்த்தான்.

எக்ஸ்ரேக்குப் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"என்ன பாக்குற கீழ?"

"உங்க ஷூவ."

"என் ஷூவுல என்னடா இருக்கு?"

"ரத்தம்ணே."

குனிந்து பார்த்தார். இடது காலின் சாம்பல் நிறத் துணி ஷூ, நாடா வரைக்கும் நனைந்து கருஞ்சிவப்பாக இருந்தது. அவர் நிற்கிற இடத்தில் ஒரு சின்னக் குளம். அங்கிருந்து சுவர் வரைக்கும், சுவரிலிருந்து மறுபடி இங்கே வரைக்கும், சிமென்ட் தரையில் ஐந்து தடவை போய் வந்த ஒற்றைக்கால் தடம். சுவர் ஓரம் நின்ற ஐந்து பேரும் இப்போதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் ஒருத்தனும் சொல்லல?" என்றார்.

லோடுமேன் சொன்னான். "பேசுனா கடைசிக்குப் போகணும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பெண்கள் வாசல் அக்கா மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தாள். பெட்டிப் பலகை ஆணி, ஒரு விரல் நீளம், அடியில் ஏறி மேலே துணி வரைக்கும் வந்திருந்தது. லோடுமேன் குறடு வைத்து இழுத்தபோது சுற்றி நின்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே மட்டும் வேறு யாருடைய காலிலோ ஆணி பிடுங்குகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கட்டுப் போட்டு முடித்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. ஐந்து பேரும் தங்கள் பைகளை உள்ளே திணித்துக்கொண்டு போனார்கள். ஒல்லி மட்டும் நின்றான்.

"அன்னைக்கு ரத்தம் எதுவும் இல்லையே" என்றார் எக்ஸ்ரே. "அன்னைக்குக் கீழ எதப் பாத்த?"

"உங்க கைய."

"கையில என்ன?"

"கையில ஒண்ணும் இல்ல. என்மேல படவே இல்ல. இடுப்புக்கு ஒரு விரல் தள்ளி, காத்தத் தடவிக்கிட்டு இருந்தீங்க. வெளையாடுறீங்களோன்னு பாத்தேன்."

எக்ஸ்ரே தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இத ஏன் சொல்லல நீ?" என்றார்.

"சொல்லலயா? மேனேஜர்கிட்ட மூணு தடவ சொன்னேன். எழுதியும் குடுத்தேன். எக்ஸ்ரே கை தப்புப் பண்ணாதுன்னு சிரிச்சிட்டாரு." ஒல்லி கவரைக் காட்டினான். "இன்னைக்கும் அதத்தான் எழுதிக் கொண்டாந்திருக்கேன். நம்புவாங்கன்னு இல்ல."

அவன் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். கோபப்படுகிறவனைச் சந்தேகப்பட அவருக்கு நன்றாகத் தெரியும். அவனோ மூன்று மாதம் ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தான்.

நாலு மணிக்கு மேனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு, "பெட்டி பிரிக்கிறவங்கள நான் பாத்துக்கறேன். நல்லவேளை, ஆணியோட போச்சு" என்றார். அவ்வளவுதான். ஆணி யாருக்கு வேண்டுமானாலும் குத்தும். அவர் சந்தேகப்படவே இல்லை. கதவு விரியத் திறந்திருந்தது, எக்ஸ்ரே பேசாமல் அதன் வழியாகப் போய்விடலாம். ஒரு கையெழுத்துதான், அதன் பிறகு நாளைக்கும் வாசல் அவருடையது. அவருக்கு அந்த வாசல் வேண்டும். சோற்றைவிட, தூக்கத்தைவிட வேண்டும்.

மேனேஜர் வாக்குமூலத்தைப் படித்தார். "சோதனையின்போது எனது வலது கையில் கடினமான பொருள் ஒன்று தட்டுப்பட்டது. சரிதானே? இங்க ஒரு கையெழுத்து."

பேனாவை எடுத்தார். விரல் பேனாவைப் பிடித்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார். ஒல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சார்."

"எந்த வரி?"

"தட்டுப்பட்டதுங்கிற வரி. என் கையில எதுவும் தட்டுப்படாது."

மேனேஜருக்கு விளங்கவில்லை. எக்ஸ்ரே விளக்கினார். கால் இரண்டு வருடம், கை பதினொரு மாதம், டாக்டர் பெயர், மருந்துப் பெயர், முகம் பார்க்கிற வித்தை எல்லாவற்றையும் சொன்னார். அந்த வால்வை மெஷினுக்குப் பின்னால் போட்டது யார் என்று தனக்குத் தெரியாது, இனிமேல் தெரியப் போவதும் இல்லை என்றும் சொன்னார்.

மேனேஜர் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். ஒல்லியிடம், "நீ திங்கக்கிழமை வேலைக்கு வா" என்றார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எக்ஸ்ரே பக்கம் திரும்பி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"பதினொரு மாசமா கேட்டுல கை வெச்சுப் பாக்க ஆளே இல்லன்னு அர்த்தம்."

"ஆமா சார்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்ல தெரியும்."

"வேற யாருக்கும் தெரியாது? நிச்சயமா? இந்த வருஷம் சாமான் நெறையக் காணாமப் போயிருக்கு, உங்களுக்கே தெரியும். யாருகிட்டயும் ஒரு வார்த்த சொன்னதில்ல?"

எக்ஸ்ரே அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டார். அது அவருடைய குரல்தான், இருபத்திரண்டு வருடமாக வாசலில் கேட்ட குரல். மேனேஜர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. மேனேஜர் இடத்தில் இருந்தால் அவரும் இதையே கேட்டிருப்பார், இன்னும் சீக்கிரமாகவே கேட்டிருப்பார்.

"யாருகிட்டயும் சொல்லல சார்."

"சரி" என்றார் மேனேஜர். அந்தச் சரிக்கு நம்பினேன் என்று அர்த்தமில்லை. போனை எடுத்து லாரி வாசலில் நிற்கிற ஆளைக் கூப்பிட்டார். "இனிமே மெயின் கேட் நீ பாத்துக்க. இப்போ இவர் வெளிய வர்றாரு. பாத்து அனுப்பு."

லாரி வாசல்காரருக்கு நாற்பது வயதிருக்கும். எக்ஸ்ரே நொண்டி நொண்டி வருவதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். எக்ஸ்ரே வெளியே போகும்போது யாரும் அவரை இதுவரை நிறுத்தியதில்லை. பின்னால் ஒல்லி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தான்.

"கையக் கொஞ்சம் தூக்குங்கண்ணே."

தூக்கினார். தோளில் கை பட்டது, விலாவில் பட்டது, இடுப்பில் பட்டது. கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்தால் பழக்கப்பட்ட திருடன் மாதிரி இருக்கும். மேலே பார்த்தால் எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும். ஒன்றும் எடுக்காதவன் எங்கே பார்ப்பான் என்று இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கண் தானாகக் கீழே போனது. லாரி வாசல்காரரின் குனிந்த முதுகு அவர் கால்களை மறைத்துக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே அந்தக் கைகள் எங்கே இருக்கின்றன, இன்னும் தடவுகின்றனவா, கணுக்காலில் நிற்கின்றனவா, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முதுகு நிமிர்ந்த பிறகும் கையைத் தூக்கியபடியே நின்றார்.

"முடிஞ்சுதுண்ணே. நீங்க போலாம்."

அப்போதுதான் கையைக் கீழே விட்டார்.